ரேடான் டப்பியும் அக்காவின் விசாவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிலத்துக்கடியிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ஒரு வாயுவை அளக்கச் சொல்லிக் கொடுத்த கருவியை, மாடியில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், துணி பீரோவின் தலைமேல் வைத்துக் குளிர்காலம் முழுக்கக் காவல் காத்த முட்டாள் நான்தான். இந்த ஏரிக்கரை ஊரில் வேறு யாரும் இதைச் செய்யவில்லை. காரணத்தைச் சொன்னால் இன்னும் கேவலம். பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று நினைத்தேன். யாரும் பரீட்சை வைக்கவில்லை.

நாங்கள் இருப்பது பிரான்சின் நடுப்பகுதியில். சுற்றிலும் கருங்கல் மலை, நடுவில் ஏரி, ஏரியைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை. ஏரிக்கரையில் வீடு பார்த்திருக்கிறேன் என்று முதன்முதலாக ஊருக்குப் போன் செய்து சொன்னபோது என் அக்கா கேட்டது நினைவிருக்கிறது.

"நம்ம ஊசுட்டேரி மாதிரியாடா? வெயில் காலத்துல தண்ணி நிக்குமா?"

"நிக்கும்க்கா."

"மீனு?"

"நெறய இருக்கு. ஆனா புடிச்சதும் திருப்பித் தண்ணியிலயே விட்டுடறாங்க."

"லதாவ பத்திரமா பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். லதா என் மனைவி.

அந்தக் கருங்கல்தான் வில்லங்கம். கல்லுக்குள் துளியூண்டு யுரேனியம் இருக்கிறதாம். அது காலகாலமாகக் கரைந்து அழியும் வழியில் ரேடான் என்று ஒரு வாயு பிறக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வெட்டவெளியில் வந்தால் காற்றோடு காற்றாகக் கலைந்துவிடும். தரையிலுள்ள விரிசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, வீடும் மூடியே கிடந்தால், அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பல வருஷம் அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசம். இதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். போன கார்த்திகையில் தெரியாது.

2

அக்கா பெயர் வசந்தா. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறாள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சென்னையில். எனக்கும் அவளுக்கும் ஆறு வயது வித்தியாசம்; அவள் கணக்கில் எனக்கு இன்னும் ஆறு வயது.

நான் பிரெஞ்சுக்காரன் ஆனது என் திறமையால் அல்ல, கல்யாணத்தால். லதாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை உண்டு. கட்டிக்கொள்பவனுக்கும் கொஞ்ச காலத்தில் வந்துசேரும். மாப்பிள்ளைக்கு என்ன போடுவீர்கள் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் போட்டார்கள். அந்தச் சம்பந்தத்தை ஓடி ஓடி முடித்தவள் அக்காதான். விமான நிலையத்தில் எல்லோரும் அழுதபோது அவள் மட்டும் அழவில்லை. என் பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை நான் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன். அங்கே எனக்கு ராஜ மரியாதை. இறால் வாங்கிவருவார்கள், ஏ.சி. அறையை ஒழித்துக்கொடுப்பார்கள், "உனக்கு இந்த வெயில் ஒத்துக்காது" என்பார்கள். பிறந்து வளர்ந்த வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாதாம். மறுத்துப் பேசவும் வழியில்லை, ஏனென்றால் உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் அங்கிருந்து ஒருவரும் இங்கே வந்ததில்லை. அப்பா அம்மா வராமலே போய்விட்டார்கள். நான் எந்த ரோட்டில் நடந்து வேலைக்குப் போகிறேன், பனி கொட்டினால் வாசலை எப்படிச் சுரண்டுகிறேன், ரொட்டிக்கடைக்காரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதெல்லாம் என் பக்கத்து மனிதர் யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்து, "ஓ, இங்கதான் இருக்கியா" என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. சில நாள் எனக்கே சந்தேகம் வரும், நான் இங்கே இருக்கிறேனா என்று.

மிச்சமிருப்பவள் அக்கா ஒருத்திதான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு முறை மருமகளுக்குப் பிரசவம் என்றாள். இன்னொரு முறை எல்லாம் தயாரான பிறகு முழங்கால் என்றாள். அவள் காரணம் தேட வேண்டியதே இல்லை, காரணங்கள் அவள் வீட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வரும். போன வருஷம் அவளாகவே ஒரு நாள், "சரி, வர்றேன். சாவறதுக்குள்ள அந்த ஏரியத்தான் பாத்துட்டு வரலாம்" என்றாள். நான் மூச்சு விடாமல் போனை வைத்தேன். கூட ஒரு வார்த்தை பேசினால் மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று பயம்.

3

உறவுக்காரர்களை இங்கே வரவழைக்க, முதலில் நாம் குடியிருக்கும் ஊர் மேரியில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். மேரி என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் நகராட்சி ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருபவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா, அது மனுஷர் படுக்கிற இடமா என்பதில் மேரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அது இருந்தால்தான் விசா.

எங்கள் மேரியில் மொத்தம் ஒரே ஒரு மேசை. அதன் பின்னால் மதாம் ஒதில் உட்கார்ந்திருப்பார். என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "தேவைப்பட்டால் வீட்டை வந்து பார்ப்போம்" என்றார். சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே குனிந்து கற்பூர டப்பி அளவில் ஒரு கறுப்பு டப்பியை எடுத்துக் கொடுத்தார். ரேடான் அளக்கும் டப்பியாம், ஏரியைச் சுற்றியுள்ள எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறார்களாம். கீழ்த்தளத்தில், ஆட்கள் அதிகம் புழங்கும் அறையில் வைக்க வேண்டும், வழக்கம்போல இருக்க வேண்டும், மாசி வாக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். என் காதில் 'வீட்டை வந்து பார்ப்போம்' மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் வளர்ந்தவன் புத்தி எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்க மேசையில் இரண்டு பொருள் ஒன்றாகக் கைக்கு வந்தால் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும். ஆள் வந்து பார்ப்பதற்குப் பதில் டப்பியை அனுப்பியிருக்கிறார்கள், டப்பி பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும், அதை வைத்து அக்காவுக்கு விசா. வீடு திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் கொண்டுபோய்ச் சமையலறையிலா உட்காரவைப்போம்?

எங்கள் வீடு சரிவில் கட்டியது. ரோட்டிலிருந்து படி ஏறினால்தான் மாடி வாசல். ஏரிப் பக்கம் இறங்கினால் கீழே ஓர் அறை, அதன் பின்சுவர் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. அதுதான் என் சொந்த ராஜ்ஜியம். மகள் அஞ்சலி வளர்ந்து, அவள் சிநேகிதிகள் வீட்டுக்கு வர ஆரம்பித்த காலத்தில், கருவாட்டு வாசனையோடு நானும் கீழே இறக்கப்பட்டேன். ஒரு சின்ன அடுப்பு, ஒரு நாற்காலி, ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்காட்டி. ஹீட்டரை உச்சத்தில் வைத்துவிட்டால் சித்திரை மாதம். பனியனோடு உட்கார்ந்திருப்பேன்.

வேலை பார்ப்பது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், பராமரிப்பு வேலை. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவேன். அங்கே அப்போது சாயங்காலம். அக்கா டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் கம்பியில் சாய்த்து வைப்பாள். பாதி நாள் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. விழுப்புரம் ரோட்டில் பஸ் கத்திக்கொண்டு போகும். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடும். யாரோ யாரையோ "ஏய், கேட்ட சாத்து" என்பார்கள். திடீரென்று அக்கா வீட்டுத் திரைச்சீலை உள்பக்கமாக உப்பி எழும்பும். "காத்து வந்துருச்சு" என்பாள். கடல்காற்று. டவுனில் கிழக்கே பார்த்த தெருக்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு மிச்சம் மீதியைத்தான் ரெட்டியார்பாளையத்துக்குக் கொண்டுவரும். அந்த மிச்சம் ஒரு போன் திரையில் அசைவதை, கண்டங்கள் தாண்டி, பாறைக்குள் உட்கார்ந்துகொண்டு பார்ப்பேன். பிறகு கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

அக்காவால் மாடிப்படி ஏற முடியாது. அதனால் அவளுக்குக் கீழறை என்று முடிவாகியிருந்தது. குளிர் புகுந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டினேன். தரையில் விரிசல் இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று மேலே கம்பளம் விரித்தேன். அதைவிட நல்ல பொறி ரேடானுக்கு யாரும் கட்டித்தர முடியாது.

டப்பி மாடிக்குப் போனது. எங்கள் படுக்கையறை, பீரோவின் மேல். நல்ல காற்று படட்டும் என்று ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தேன்.

லதா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருபவள். இரண்டு போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"இன்னாங்க, ஜன்னல் தொறந்து கெடக்குது?"

"டப்பிக்கு."

"டப்பிக்கு மூச்சு முட்டுதா?"

"அக்கா விசா விஷயம் லதா. கொஞ்சம் பொறுத்துக்க."

"உங்க அக்கா வந்து எறங்கறதுக்குள்ள எனக்குச் சாமி வந்து எறங்கிடும்" என்று சொல்லி மங்கி கேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. தும்மினாள்.

4

டப்பியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே மதாம் ஒதில் சான்றிதழைக் கொடுத்துவிட்டார். யாரும் வந்து பார்க்கவில்லை. டப்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'டப்பியிடமிருந்து ரகசியமாக நல்ல செய்தி போயிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். விசா வந்தது. டிக்கெட் போட்டேன். சித்திரை முடிந்ததும் வருகிறாள்.

அப்புறம்தான் அந்தக் கூட்டம்.

திரும்பி வந்த டப்பிகளின் முடிவைச் சொல்ல, ஊர்ப் பொதுமண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ரேடான் அளவுக்காரப் பெண்மணி ஒருவர் நகரத்திலிருந்து வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மலையேறுபவர் மாதிரி பூட்ஸ். திரையில் ஏரியின் படத்தைப் போட்டார். வீட்டுக்கு ஒரு புள்ளி. முந்நூறு என்று ஒரு கோடு இருக்கிறதாம்; அதற்குக் கீழே பச்சை, மேலே ஆரஞ்சு, ரொம்ப மேலே சிவப்பு. எங்கள் கரை முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும். நடுவில் ஒரே ஒரு பச்சை, குளத்தில் விழுந்த வெற்றிலை மாதிரி. என் வீடு.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படித் தனித்துத் தெரிந்ததில்லை. தெரிந்தபோதெல்லாம் வெளியே நிற்கவைத்தார்கள்.

"மிஸ்யே குமார், உங்கள் வலப்பக்கத்து வீடு சிவப்பு, இடப்பக்கத்து வீடு சிவப்பு. நீங்கள் என்ன வித்தியாசமாகச் செய்கிறீர்கள்?" என்று அளவுக்கார அம்மாள் கேட்டார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன். இத்தனை வருஷமாகியும் இந்த பாஷையில் எனக்கு ஆண்பால் பெண்பால் வசப்படவில்லை. மேசை ஏன் பெண், கட்டில் ஏன் ஆண் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனாலும் பேசினேன். புதுச்சேரி என்று ஓர் ஊர், உங்கள் ஆட்கள் வந்து ஆண்ட ஊர்தான், அங்கே பகலில் யாரும் கதவு சாத்துவதில்லை, சாயங்காலம் கடலிலிருந்து காற்று வந்தால் வீட்டின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும், மின்சாரம் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் அதற்காகவே பாய் போட்டுக் காத்திருப்போம், அது வந்து முகத்தில் படும்போது தூக்கத்திலேயே சிரிப்போம், அந்த வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு பெர்னார் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் லதா ஒரு தும்மல் போட்டாள். அதற்கு எனக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஊர் முழுக்க உண்மை, வீடு முழுக்கப் பொய்.

"அருமை. நாளைக்கு வந்து உங்கள் வீட்டைப் பார்க்கலாமா? மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம்" என்றார் அளவுக்கார அம்மாள்.

5

வந்தார். மாடியைப் பார்த்தார், பாராட்டினார். கீழே இறங்கும் படியைக் கண்டு, "இது எங்கே போகிறது?" என்றார்.

கீழறைக் கதவைத் திறந்ததும் அவர் முகத்தில் சூடும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடித்தன. டேப் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார். டேப் ஒட்டிய கதவைப் பார்த்தார். கம்பளத்தை ஓர் ஓரம் தூக்கி, விரிசலில் கையை வைத்துப் பார்த்தார். எழுந்து, ரொம்ப மெதுவாக, "டப்பி எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, சான்றிதழ், மதாம் ஒதிலின் மேசை, பெரிய மனிதர் வந்தால் எங்கே உட்காரவைப்போம் என்பது வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. பையிலிருந்து சின்னதாகத் திரை வைத்த ஒரு கருவியை எடுத்து அறையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் இருக்கட்டும், அறையில் எதையும் மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்நூறு என்பது கோடு. இது எழுநூறு காட்டியது, ஆயிரம் காட்டியது. நான் கதவைத் திறந்தால் இறங்கும். மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஏறும். ஹீட்டர், நாற்காலி, போன், கடல்காற்று, எல்லாம் இந்தக் காற்றுக்குள்தான் இத்தனை வருஷம் நடந்திருக்கிறது.

புதன்கிழமை அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைச் சுருக்கினாள். பாக்கிங் பிரிவில் இருந்தவள். ஒட்டாத லேபிள் எத்தனை அடி தள்ளியிருந்தாலும் கண்ணில் படும்.

"ஒம் பின்னாடி இன்னாடா அது?"

"கடியாரம்க்கா. புதுசு."

"மணி ஆயிரத்து எரநூறுன்னு காட்டுது?"

"அது வந்து... இந்த ஊர்ல இப்படித்தான்."

"மீன தண்ணியில விடற ஊரு, இருக்கும்" என்றாள். பிறகு, "அந்த ரூம்லதானே எனக்குக் கட்டில் போட்டிருக்க? காட்டு" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினேன். புதுத் தலையணை உறை, கை எட்டும் தூரத்தில் மின்விசிறி, குளிக்கும் அறையில் சுவரில் கைப்பிடி. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

வார முடிவில் அளவுக்கார அம்மாள் வந்து கருவியை எடுத்துக்கொண்டார். ஒளிக்காமல் சொன்னார். சில வாரம் வந்துபோகும் விருந்தாளிக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, பகலில் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். வருஷக்கணக்காக இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். டேப்பையெல்லாம் பிய்த்துவிட்டு, தரை விரிசலை அடைத்து, தரைக்குக் கீழிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி ஒன்று வைத்தால் சரியாகிவிடும். ஆனால் இந்த வட்டாரத்துக் கொத்தனார்கள் எல்லோருக்கும் இப்போது இதே வேலை. உங்கள் முறை வர ஐப்பசி ஆகிவிடும்.

அக்கா வருவது வைகாசி.

6

பெரிதாக ஒன்றும் ஆகாது என்றுதானே சொன்னார் என்று நான் பிடித்துக்கொண்டேன். அக்காவிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுக்குக் காரணம் கொடுத்தால் எடுத்துக்கொள்வாள். 'சரிடா, அப்புறம் பாத்துக்கலாம்' என்பாள். அப்புறம் முழங்கால், அப்புறம் மழைக்காலம், அப்புறம் மகன் வீட்டில் ஏதாவது. இது மூன்றாவது முறை. நான்காவது முறை என்று ஒன்று இருக்குமா என்பதை இந்த வயதில் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அஞ்சலி நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வருவாள். அவள் அம்மாவோடு பிரெஞ்சில் பேசுவாள், போனோடு பிரெஞ்சில் பேசுவாள், என்னைத் திட்டும்போது மட்டும் தமிழ். அதனால் அடிக்கடி திட்டு வாங்கும்படி பார்த்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை முயற்சி எதுவும் செய்யாமலே கிடைத்தது.

கீழறையில் டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிட்டியா பா?"

"சொல்லலாம். வந்ததும் சொல்லிக்கலாம்."

"வந்ததுக்கு அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"ஒண்ணும் ஆவாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்கம்மா. ஜன்னல தொறந்து வச்சா போதும்."

"அது நொர்மால் இல்ல பா, சரியில்ல. அது அத்தையோட மூச்சு. வேணுமா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

"தெரிஞ்சா வர மாட்டாங்க."

"வரலன்னா வரல" என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் கிடந்த டேப் துண்டை எடுத்துச் சுருட்டினாள். "எனக்கும் அவங்க வரணும்தான். என்னை இங்க ஒருத்தரும் 'உங்க அப்பா சின்ன வயசுல எப்படி' ன்னு சொல்ல ஆள் இல்ல" என்றாள். வாக்கியம் சரியில்லை. திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுந்து வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கடைசி ஜன்னல் திறந்துகொண்டது. ஏரிக் காற்று உள்ளே வந்தது. உப்பு இல்லை, மீன் வாசனை இல்லை, வெறும் குளிர். நான் என்னை அறியாமல், "காத்து வந்துருச்சு" என்றேன். அவள் போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

கூப்பிட்டுப் பேசத் தைரியமில்லை. குரல் பதிவு செய்யப் போனேன், குளிரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். கடைசியில் எழுதினேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைகூட அவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. கருங்கல்லில் தொடங்கினேன். யுரேனியம், விரிசல், கோடு, மாடிக்குப் போன டப்பி, லதாவின் தும்மல், பொதுமண்டபத்தில் வாங்கிய கைதட்டல். அது கடிகாரம் இல்லை என்று எழுதினேன். அளவுக்கார அம்மாள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்தால் நீ இருக்கலாம், இல்லை மாடியில் எங்கள் அறையை உனக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கீழே வருகிறோம், படி ஏற நானும் லதாவும் நாற்காலியில் வைத்துத் தூக்குகிறோம், நாங்கள் இரண்டு பேரும் இன்னும் விழாமல் இருக்கிறோம். அதுவும் வேண்டாம் என்றால் ஐப்பசியில் வேலை முடிந்ததும் வா, டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம், விசாவை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். எது என்றாலும் உன் இஷ்டம். எனக்கு வருத்தம் இருக்காது.

கடைசி வரியை இரண்டு முறை அழித்து இரண்டு முறை எழுதினேன். அஞ்சலி தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த வரிக்கு வந்து, "இது பொய்" என்றாள். அழித்துவிட்டு, 'எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும், ஆனாலும் உன் இஷ்டம்' என்று மாற்றினேன். அனுப்பினேன்.

அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். செய்தியைத் திறந்துவிட்டாள், இரண்டு நீல டிக் விழுந்தது. அக்கா மெதுவாகப் படிப்பவள், மூக்குக்கண்ணாடியைத் தேடியிருப்பாள். லதாவும் மாடியிலிருந்து இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் திறந்த ஜன்னலோடு, அந்தக் குளிரில், ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. நான் எழுதியதில் பத்தில் ஒரு பங்காவது பதில் வரும், திட்டாவது நாலு வரி இருக்கும் என்று நினைத்தேன்.

வந்தது இவ்வளவுதான்:

"ஸ்வெட்டர் வாங்கியாச்சு, கடக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான்."